சீதேவிப்பிள்ளையின் சுட்டுவிரல்

சீதேவிப்பிள்ளைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. செத்தவீட்டுக்குப் போனாலும் பாயில் உட்காராமல் பின்பக்கம் போய்த் தேத்தண்ணிக்கு உலை வைக்கிறவள். புருஷன் பாம்பு கடித்துப் போன பிறகு, இருந்த கொஞ்ச நிதானமும் போய்விட்டது. விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்து, பெட்டியில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு ஆரையம்பதியிலிருந்து பக்கத்து ஊரான காத்தான்குடிக்கு விறுவிறுவென்று நடப்பாள். அங்கே றவூப்பின் சாப்பாட்டுக்கடையில் காலை வியாபாரம் அவளுடைய இடியப்பத்தோடுதான் தொடங்கும். "அக்காட கை பட்டாத்தான் அது இடியப்பம், மத்ததெல்லாம் மாவு" என்று றவூப் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். அந்தக் கைப் பேச்சே ஒருநாள் அவளை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலையவைக்கும் என்று யார் கண்டது.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. சண்டைக் காலம். ஊரை ஒட்டிய வாவிக்கு இந்தப் பக்கம் அரசாங்கத்து ஆமி, அந்தப் பக்கம் படுவான்கரையில் அதோடு சண்டை பிடிக்கிற இயக்கம். சீதேவிப்பிள்ளையின் ஒரே மகன் நல்லரத்தினம் இரண்டு வருடத்துக்கு முன்பு பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இயக்கத்தோடு போனவன். போனானா, கொண்டுபோனார்களா என்று கேட்டால் அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. மழை தொடங்கிய ஒருநாள் அவன் வாவியைப் பாதி நடந்தும் பாதி நீந்தியும் கடந்து, வீட்டின் பின்கோடியால் வந்து குசினி வாசலில் நின்றான். பத்தொன்பது வயது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் "ரத்தினம்" என்று கத்தப்போனவள், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

ஓடிவந்தவன் என்று இயக்கம் தேடும். போனவன் என்று ஆமி தேடும். ஆகவே ஊருக்கு அவன் இன்னும் போனவனாகவே இருந்தான். நெல்லுச் சாக்கு அடுக்கும் சின்ன அறைக்குள் பகல் முழுதும் கிடப்பான். நாய் குரைத்தால் எழும்பி நிற்பான். கைகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். கோப்பையைப் பிடித்தால் தேத்தண்ணி தளும்பும். சீதேவிப்பிள்ளை அதைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய விரலும் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. வலது கைச் சுட்டுவிரல். காலையில் மடங்கியபடியே கிடக்கும். நிமிர்த்தப் பார்த்தால் வராது. இடது கையால் பிடித்து இழுத்தால், நடுமொளியில், அந்த நடு மூட்டில், டக்கென்று ஒரு வெட்டு வெட்டி நிமிரும். உயிர் போய் உயிர் வரும். நல்லெண்ணெய் காய்ச்சி அந்த மொளியில் தேய்த்தாள். நொச்சி இலையை வதக்கிக் கட்டினாள். சுளுக்கு எடுக்கிறவரிடம் போனாள். அவர் மொளியைப் பிடித்து இழுத்து இன்னும் கொஞ்சம் நோகப்பண்ணி அனுப்பினார்.

இடியப்ப உரல் இரக்கம் பார்க்கிற சாமானில்லை. மாவை அடைத்து, இரண்டு கைப்பிடியையும் இறுக்கி அமத்தினால்தான் நூலாக இறங்கும். ஒரு தட்டுக்குப் புழிந்து முடித்ததும் விரல் கைப்பிடியோடு பூட்டிக்கொள்ளும். இறுக்குவதில் ஒரு குறையுமில்லை, விடுவதுதான் வராது. முதலில் ரத்தினம் அடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து குந்துவான். அவள் கையை அவன் பக்கம் நீட்டுவாள். அவன் விரலைப் பிடித்து இழுப்பான். டக். மறுபடி ஒரு தட்டு. மறுபடி டக்.

ஒருநாள் அவன் உரலைத் தானே வாங்கிக்கொண்டான்.

"உடுங்க அம்மா. நான் புழியிறன்."

"உனக்கென்னடா தெரியும்?"

"புழியத் தெரியாம நான் என்ன, இடியப்பம் திங்காத புள்ளயா?"

முதல் தட்டு கோணல். அதற்கடுத்த தட்டுகள் பரவாயில்லை. குப்பிவிளக்கு வெளிச்சத்தில் அவள் ஒன்றைக் கண்டாள்: உரலை அமத்திக்கொண்டு தட்டைச் சுற்றி வரும்போது அவனுடைய கைகள் நடுங்கவில்லை. அவனும் அதைக் கண்டிருக்க வேண்டும். "இதப் புழியக்குள்ள மட்டும் கை சும்மா இரிக்கி அம்மா" என்றான். அன்றிலிருந்து உரல் அவனுடையது. சீதேவிப்பிள்ளை மாவைக் குழைத்தாள், அவித்தாள், அடுக்கினாள். வீட்டுக்குள் இருந்த பயம் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எங்கேயோ தள்ளிப் போய் நின்றது.

விரல் ஒண்ணாது, வேலைக்கு வராது என்றால் தொழிலை நிறுத்தலாமே என்று யாரும் சொல்லலாம். நிறுத்தினால் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வருவாள். அவள் நல்லவள். அதுதான் தொல்லை. ஒருவருக்குச் சுகமில்லை என்றால் கஞ்சிப் பானையோடு வந்து, வீட்டைக் கூட்டி, பாத்திரம் கழுவி, நெல்லு அறையையும் தட்டித் துடைத்துவிட்டுத்தான் போவாள். அவளுடைய அன்புக்குப் பூட்டுப் போட முடியாது. ஆகவே இடியப்பம் போகத்தான் வேண்டும். ஆனால் விரல் ஒண்ணாதென்று தெரு முழுக்கத் தெரியும். சுளுக்கு எடுக்கிறவர் வாய் சும்மா இருக்காது. விரல் ஒண்ணாதவளின் பெட்டி தினமும் நிறைந்து போனால், யார் புழிகிறார்கள் என்ற கேள்வி ஒருநாள் வரும். அதை நினைத்துத்தான் அவள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பிள்ளை, இளம் வயது, முகத்தில் நித்திரைக் கலக்கம். விரலை மடக்கச் சொன்னாள், நிமிர்த்தச் சொன்னாள், டக்கென்ற சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினாள்.

"எங்க நோகுது அம்மா?"

"இந்த நடுமொளிதான். எண்ணெய் போட்டுப் போட்டு அலுத்துப் போனன்."

"நோகிறது இஞ்சை. பிழை இஞ்சை இல்லை" என்று டொக்டர் அவளுடைய உள்ளங்கையைத் திருப்பி, விரல் தொடங்கும் அடியில் பெருவிரலால் அமத்தினாள். சீதேவிப்பிள்ளைக்கு நோவு உச்சந்தலை வரை ஏறியது. "இப்ப மெல்ல மடக்குங்கோ. என்ர விரலுக்குக் கீழ ஒண்டு ஓடுது, தெரியுதோ? நீங்களே பிடிச்சுப் பாருங்கோ."

பிடித்துப் பார்த்தாள். தோலுக்குக் கீழே பயறு போல ஏதோ ஒன்று உருண்டது. தன் கைக்குள் தனக்குத் தெரியாமல் ஒன்று குடியிருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"விரலை மடக்கிற தசை விரலில இல்லை அம்மா. முழங்கைக்குக் கீழ, இந்தச் சதையில இருக்கு. அதிலயிருந்து நாண் மாதிரி ஒண்டு வந்து, மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையால விரல் நுனி மட்டும் போகுது. அது எலும்பை விட்டு விலகாமல் இருக்க, வழியில வளையம் வளையமாக் கட்டிக் கிடக்கு. முதல் வளையம் இந்த இடம். பாவாடைக்கு நாடா கோப்பீங்கள்தானே? நாடாவில ஒரு முடிச்சு விழுந்தா?"

"ஓட்டையில சிக்கும்."

"அதுதான். உரலை இறுக்கி இறுக்கி நாண் உராஞ்சு தடிச்சுப் போச்சு. வளையமும் இறுகிப் போச்சு. மடக்கேக்கை தடிப்பு வளையத்தைத் தாண்டி உள்ளங்கைப் பக்கம் வந்திடும். மடக்கிற தசைக்குப் பலம் கூட. நிமித்திற பக்கத்து நாண் மெல்லிசு, அதால இதைத் திருப்பி இழுக்க ஏலாது. அதுதான் பிடிக்க வருது, விட வருதில்லை. பயப்பிடாதேங்கோ. வளையத்தடியில ஒரு ஊசி போட்டாச் சரிவரும்."

இவ்வளவும் நல்லாகத்தான் போயிற்று. இதோடு விட்டிருந்தால் கதையுமில்லை. டொக்டர் திரும்பி நேர்ஸிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னாள். அதில் "ட்ரிகர் பிங்கர்" என்று இரண்டு சொல் தனியாக வந்து விழுந்தது. அடுத்த வாங்குப் பலகையில் காலில் கட்டோடு இருந்த ஆமிக்காரன் ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

சீதேவிப்பிள்ளை பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி வேலைக்காரப் பெண்ணின் சீலையைச் சுரண்டினாள்.

"தங்கச்சி, ட்ரிகர் எண்டா என்ன கா?"

"அதுவா? துவக்கில இழுத்துச் சுடுற விசை இரிக்கில்ல கா, அது."

துவக்கு விரல்! டொக்டர் கையைப் பிடித்துப் பார்த்துத் துவக்கு விரல் என்று சொல்லிவிட்டாள். அதுவும் ஆமிக்காரனை வைத்துக்கொண்டு. நம்முடைய பாஷையும் சும்மா இருக்கவில்லை, சுட்டுவிரல் என்றொரு பெயரை வைத்துத் தயாராக நின்றது. சுட்டிக்காட்டுகிற விரல் என்பதுதான் கருத்து. அந்த வருடங்களில் சுட்டு என்ற சொல் யாருடைய காதில் அப்படி விழுந்தது? அவளுடைய தலைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியது. துவக்குப் பிடித்தது இவளா, இல்லையென்றால் இவளுடைய வீட்டில் யார்? பெயர் என்ன, ஊர் எது, வீடு எங்கே? ஜீப் வரும். நெல்லு அறை.

நேர்ஸ் ஊசியோடு திரும்பி வந்தபோது அவள் இருந்த வாங்கு வெறுமையாக இருந்தது.

கல்லடிப் பாலத்தில் ஆமியின் சோதனைக்கு எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார்கள். அவள் கையை முந்தானைக்குள் ஒளித்தாள். ஒளித்த கையைத்தான் காவல் நிற்கிற சென்றி கேட்பான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். "அம்மே, கை" என்றான் சென்றி. நீட்டினாள். சனியன் பிடித்த விரல் சரியாக விசையில் வைத்ததுபோல மடங்கி நின்றது. அவன் அதைப் பார்த்தான், கொட்டாவி விட்டான், போ என்று தலையசைத்தான். அவளுக்கு வீடு வரும்வரை கால் நிலத்தில் படவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் மோட்டார்ச் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டு வாசலுக்கு, வாசலை விட்டு நெல்லு அறைக்கு. ரத்தினத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் நடக்கிற நடையில் அவனுக்கு எல்லாம் தெரிந்தது.

ஜீப் வரவில்லை. வந்தது வேறு திசையிலிருந்து. ஒருநாள் காலை பெட்டியை இறக்கியதும் றவூப் அவளைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டான். கையில் ஒரு தட்டு, அதில் ஒரே ஒரு இடியப்பம்.

"அக்கா, இத எள்ளுப்போலக் கொஞ்சம் பாருங்க. இத்தின வருசமா உங்கட இடியப்பம் இப்பிடி வலப்பக்கமாச் சுத்தும். இப்ப கொஞ்ச நாளா இடப்பக்கமாச் சுத்துது."

அவள் பார்த்தாள். இறைவா. ரத்தினம் இடக்கைக்காரன். சின்ன வயதில் வலது கையால் சாப்பிடு என்று அகப்பைக் காம்பால் அவளே அடித்திருக்கிறாள், ஊரே பார்த்திருக்கிறது. தட்டுத் தட்டாக அவனுடைய கையெழுத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்து ஊருக்குப் பரிமாறியிருக்கிறாள்.

"என்ட விரல் ஒண்ணா தம்பி. அதான் இடக்கையால புழியிறன்."

"ரெண்டு கையாலயும் இறுக்காம ஆர் அக்கா இடியப்பம் புழிஞ்ச?"

அவள் பெட்டித் துணியை மடிக்கத் தொடங்கினாள். தொண்ணூறாம் ஆண்டில் இயக்கம் பள்ளிவாசலுக்குள் புகுந்து சுட்டபோது, தொழப்போன றவூப்பின் தம்பி திரும்பவில்லை. இரண்டு ஊருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதைக்குப் பிறகு அவள் இந்தக் கடைக்கு வராமல் நின்றாள். திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பியவனும் இவன்தான். இருந்தாலும், இப்போது இவன் ஒரு வார்த்தை யாரிடமாவது சொன்னால் போதும். சொல்வதற்கு இவனுக்கு இல்லாத காரணம் யாருக்கு இருக்கிறது? அவள் மாச்சாக்கின் மேல் இருந்துவிட்டாள். சீதேவிப்பிள்ளை கேட்காமல் உட்கார்ந்ததை றவூப் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தான்.

"அவன் எப்ப போனவன்?" என்று கேட்டான்.

"தொண்ணூற்றஞ்சில."

"தொண்ணூறில?"

"பன்னெண்டு வயசு தம்பி. ஆறாம் வகுப்பு. என்ட தலைல அடிச்சுச் சத்தியம் பண்றன்."

றவூப் தட்டிலிருந்த இடியப்பத்தை விரலால் கலைத்து, பிசைந்து, கோழிக்குப் போட்டான்.

"நான் கண்டுபுடிச்சா மத்தவனும் புடிப்பான். ஆமிக்காரனும் இஞ்ச வந்துதான் திங்கான். மலைப்பக்கம் என்ட மச்சான் பேக்கரி வெச்சிரிக்கான். மாக் குழைக்க ஆள் இல்லையாம். நம்மட லொறி அரிசி ஏத்திப் போற. ஐடென்டி காட் இரிக்கா?"

"இரிக்கு. பள்ளிக்கூடத்தில எடுத்தது."

"அப்ப அனுப்புங்க. சுறுக்கா அனுப்புங்க அக்கா."

அவள் நன்றி சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு வந்தது கோபம்தான். இவ்வளவு கஷ்டப்பட்டு நீந்தி வந்த பிள்ளையைத் திரும்ப அனுப்பச் சொல்கிறான். அனுப்பாவிட்டால் என்ன செய்வான், பார்த்துவிடுவோம் என்று தனக்குள் சண்டை பிடித்தாள். வீட்டுக்கு வந்து நெல்லு அறையைத் திறந்தாள். ரத்தினம் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தான், நடுக்கத்தை நிறுத்த. அதோடு அவளுடைய சண்டை முடிந்தது.

லொறி பகலில்தான் வந்தது. ஒளிக்கிற காரியத்தை வெயிலில் செய்ய வேண்டும் என்பது றவூப்பின் கணக்கு. கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதல்நாள் பொழுதுபட்டதும் கடைக்கு வந்து சேர்ந்த ரத்தினம் உடம்பெல்லாம் மா படிந்து, தலையில் சாக்குத் துண்டோடு, லொறியின் ஆள் மாதிரியே நின்றான். சீதேவிப்பிள்ளை வழக்கம்போலப் பெட்டியோடு வந்தாள். அழக் கூடாது. அவளுக்கு இங்கே மகன் இல்லை. ஒரு பொட்டலம் கொடுத்தாள், இடியப்பமும் சம்பலும்.

"அங்க போய் வலக்கையால குழை, என்ன? இடக்கையக் காட்டாத."

"பாண் மாவுக்கு இடக்கை வலக்கை தெரியாது அம்மா."

"தெரியும். எல்லாத்துக்கும் தெரியும். சொன்னதக் கேளு."

அவனுடைய சேட்டின் கீழ்த்தெறி, கடைசிப் பொத்தான், கழன்றிருந்தது. அதைப் பூட்டப்போகிற சாட்டில் சேட்டைப் பிடித்தாள். சாரதி ஹோர்ன் அடித்தான். அவள் விட்டாள், மனதால் விட்டாள், அது உண்மை. விரல் விடவில்லை. சேட்டுத் துணியைக் கொத்தாகப் பிடித்தபடி பூட்டிக்கொண்டது. அவள் இழுத்தாள், துணியும் சேர்ந்து வந்தது. மூட்டை ஏற்றியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரத்தினம் குனிந்து, விடியப்புறத்தில் அடுப்படியில் செய்வது போலவே, இடது கையால் அந்த விரலைப் பிடித்து இழுத்தான்.

டக்.

"வாறன் அம்மா" என்று உதடு மட்டும் அசைத்தான். லொறி போயிற்று.

சில நாள் கழித்து அவள் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனாள். இனிப் பயப்பட வீட்டில் ஒன்றுமில்லை. டொக்டர் பார்த்ததும் கண்டுகொண்டாள்.

"அண்டைக்கு ஓடினது நீங்கள்தானே? ஏன் அம்மா?"

"நீங்க துவக்கு விரல் எண்டு சொன்னீங்களே, மகள்."

டொக்டர் சிரித்தாள். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "விசையில வைச்ச மாதிரி மடங்கி நிக்கும், பிறகு டக்கெண்டு விடும். அதுக்கு வெள்ளைக்காரன் வைச்ச பேர். வேறொண்டுமில்லை."

"வேற பேரே கிடைக்கல்லயா அவனுக்கு? விடாப்பிடி எண்டு வெச்சா ஆகாதா?" என்று சீதேவிப்பிள்ளை சீறினாள். டொக்டர் ஊசியைப் போட்டாள். அது நரகம்.

ஆனால் விரல் சுகமாயிற்று. கொஞ்சங் கொஞ்சமாக நோவு குறைந்து, சத்தம் குறைந்து, ஒருநாள் விடியப்புறம் அவள் உரலை எடுத்தாள். மாவை அடைத்தாள். இறுக்கினாள். நூல் இறங்கியது, வலப்பக்கமாகச் சுற்றியது. றவூப் பார்த்தால் நிம்மதிப்படுவான். லொறிக்காரன் சொன்னதாக அவன் சொல்லியிருந்தான்: பொடியன் நல்லாக் குழைக்கிறானாம், யாரோடும் கதைக்கிறதில்லையாம்.

தட்டு நிறைந்ததும் அவள் அடுப்புக்கு அந்தப் பக்கம், இருட்டுக்குள், கையை நீட்டினாள். பழக்கத்தில் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் பார்த்தாள், விரல் எப்போதோ தானாக நிமிர்ந்திருந்தது.

அவன் போனதற்கு அவள் அழவில்லை. ஊரறிய வராத மகன் போனான் என்று எப்படி அழுவது? அன்றைக்கு அழுதாள். உரலை மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தாமல், அடுப்பு அணையும்வரை அழுதாள்.

வேலிக்கு அப்பால் சின்னத்தங்கத்தின் குரல் கேட்டது.

"என்ன கா சீதேவி, விரல் சுகம் எண்டாய். இன்னும் நோகுதா?"

"ஓம் கா" என்றாள் சீதேவிப்பிள்ளை. "நோகுது."